கடக்கும் இடத்தில் விளக்கு உண்டா?



தேசப்படம் வரையும்போது மலைக்குப் பழுப்பும், ஆற்றுக்கு நீலமும், ரயில் பாதைக்குக் குறுக்குக்கோடிட்ட கறுப்புக் கோடும் இட வேண்டும் என்று வகுப்பில் கற்றிருக்கிறீர்கள். அவற்றில் பிழை நேர்ந்தால் ஓரிரு மதிப்பெண் குறையும், அவ்வளவே. உங்கள் தாளில் காவிரி ஓரங்குலம் தள்ளிப் பாய்ந்ததற்காகத் தஞ்சை வயல்கள் வாடிவிடப் போவதில்லை. ஆனால், பிழையாக இட்டால் ஒருவரை நடுத்தெருவில் தவிக்க விட்டுவிடக்கூடிய குறி ஒன்றும் உண்டு. நடந்து செல்வோர் சாலையைக் கடக்கும் இடம் எது, அங்கே அவர்களுக்கென்று விளக்கு இருக்கிறதா இல்லையா என்பதைக் காட்டும் குறியே அது. இந்தக் குறியை இடும் முறையைத்தான் இங்கே காணப் போகிறோம்.

இது சிறிய விஷயம் என்று எண்ணிவிட வேண்டாம். 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என்று மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. அவர்களில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். ஏறத்தாழ ஐவரில் ஒருவர் என்று கணக்காகிறது. நாளொன்றுக்கு வகுத்துப் பார்த்தால் 90 பேர். நமது பள்ளியில் இரண்டு வகுப்புப் பிள்ளைகளைச் சேர்த்து எண்ணினால் வரும் தொகை அது.

முதலில் விளக்கின் கதையைச் சற்றுப் பார்ப்போம். தெருவில் நிற்கும் சிக்னல் விளக்கு மோட்டார் வண்டிகளுக்காகப் பிறந்தது என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மை அதுவன்று. 1868-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், தெருவில் மோட்டார் வண்டியே ஓடாத காலத்தில், லண்டன் மாநகரில் பார்லிமெண்டுக் கட்டடத்தின் அருகே ஒரு கம்பம் நாட்டப்பட்டது. அதற்கு யோசனை சொன்ன ஜான் பீக் நைட் ரயில்வேயைச் சேர்ந்தவர். ஆதலால் ரயில் நிலையத்துக் கைகாட்டி மரத்தையே தெருவுக்குக் கொண்டுவந்துவிட்டார். பகலில் மரக்கைகள் உயர்ந்து தாழும்; இரவில் சிவப்பும் பச்சையுமாக வாயு விளக்கு எரியும். குதிரை வண்டிகளின் நெரிசலுக்கு நடுவே கடந்து செல்ல வழியின்றி நின்றவர்களுக்காகவே அது ஏற்பட்டது. ஆனால் அடுத்த மாதமே வாயு கசிந்து விளக்கு வெடித்தது. அதை இயக்கி வந்த காவலர் காயமுற்றார். பிறகு பல்லாண்டு காலம் அந்நகரில் அப்பேச்சே எழவில்லை.

மோட்டார் வண்டிகள் பெருகிய பின் மறுபடி நடப்பவர்களைப் பற்றிய கவலை வந்தது. 1934-இல் இங்கிலாந்தில் போக்குவரத்து அமைச்சராயிருந்த லெஸ்லி ஹோர்-பெலிஷா, கடக்கும் இடங்களின் இரு பக்கமும் கறுப்பு வெள்ளைக் கம்பங்களை நாட்டி, உச்சியில் மஞ்சள் உருண்டை ஒன்றை வைக்கச் செய்தார். இன்றும் அந்நாட்டார் அதைப் பெலிஷா விளக்கு என்றே அழைக்கின்றனர். கம்பம் இருந்தும் சாலையில் இடம் தெளிவாய்த் தெரியவில்லை என்று 1949-இல் தரையில் பட்டைகள் தீட்டிச் சோதித்தனர்; 1951-இல் அது சட்டமாயிற்று. நாம் இன்று ஜீப்ரா கிராசிங் என்று சொல்வது இதுவே. 1962-இல் வாட்டர்லூ ரயில் நிலையத்தருகே பாண்டா என்ற பெயரில் விளக்கோடு கூடிய கடக்கும் இடம் ஒன்றைத் திறந்தார்கள். அதில் விளக்குகள் ஒருவிதமாய்த் துடிப்பதும் வேறுவிதமாய் மின்னுவதுமாக இருந்ததால் வண்டியோட்டிகளும் குழம்பினர், நடப்பவர்களும் குழம்பினர். 1969-இல் வந்த பெலிகன்தான் நிலைத்தது. பொத்தானை அழுத்திக் காத்திருந்தால் வண்டிகளுக்குச் சிவப்பு விழும். நமக்குப் பச்சை மனிதன் தோன்றுவான். பின்னர் நடப்பவர்களை உணர்கருவியால் அறிந்துகொள்ளும் பஃபின், மிதிவண்டியும் சேர்ந்து கடக்கக்கூடிய டூக்கான், குதிரையேறிச் செல்வோருக்குப் பெகாசஸ் என்று வரிசையாய் வந்தன. பறவைகள் மீதும் விலங்குகள் மீதும் ஆங்கிலேயருக்கு அப்படி என்ன பற்றோ! வேடிக்கையாகத் தோன்றினாலும் இதில் ஒரு நன்மை உண்டு. ஒவ்வொரு பெயரும் ஒவ்வொரு ஏற்பாட்டைக் குறிப்பதால், பெயரைச் சொன்னவுடன் அந்நாட்டுச் சிறுமிக்குத் தான் என்ன செய்ய வேண்டும் என்பது விளங்கிவிடுகிறது.

இங்கே ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். இங்கிலாந்தில் வெள்ளைப் பட்டைகள் இருந்தால் அங்கே சிக்னல் விளக்கு இராது. சிக்னல் விளக்கு இருந்தால் பட்டைகள் இரா. குமிழ் வரிசைகளே எல்லை காட்டும். நமது நாட்டிலோ, பிரான்ஸ், இத்தாலி போன்ற நாடுகளிலோ அப்படி இல்லை. விளக்கு உள்ள சந்திப்பிலும் பட்டை தீட்டுவார்கள். விளக்கே இல்லாத தெருவிலும் தீட்டுவார்கள். ஆகவே பட்டை என்ற அடையாளம் ஓரிடத்தில் தரும் செய்தியை மற்றோரிடத்தில் தருவதில்லை.

இனித் தேசப்படத்துக்கு வருவோம். முன்பெல்லாம் நாட்டின் படத்தை அரசு அளவைத் துறையே தயாரிக்கும். மற்றவர்கள் விலை கொடுத்து வாங்குவார்கள். 2004-ஆம் ஆண்டில் லண்டனில் மாணவராயிருந்த ஸ்டீவ் கோஸ்ட் என்பவர், நடப்பவர்களும் மிதிவண்டியில் போகிறவர்களும் தாங்களே தத்தம் தெருவைக் குறித்து ஒரே படத்தில் சேர்த்தால் என்ன என்று எண்ணினார். அவ்வெண்ணத்தில் பிறந்ததே ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் கணினித் தேசப்படம். யாரும் அதைப் பார்க்கலாம், திருத்தலாம், விலையின்றிப் பயன்படுத்தலாம். இன்று அதில் பெயர் பதிந்தோர் ஒரு கோடிக்கும் மேல். 2010 ஜனவரியில் ஹைத்தி நாட்டில் பூகம்பம் நேர்ந்தபோது, உலகின் பல மூலைகளிலிருந்து தன்னார்வலர்கள் அந்நாட்டுத் தலைநகரின் தெருக்களை வரைந்து மீட்புப் பணியாளருக்கு உதவினர். 2015-இல் சென்னை வெள்ளத்தில் தவித்தபோது, நீர் தேங்கிய தெருக்கள் எவையென்று பொதுமக்களே குறித்த படமும் இதன் மீது அமைந்ததுதான்.

இத்தேசப்படம் எப்படி அமைகிறது? அடிப்படையில் புள்ளிகளும், புள்ளிகளை இணைக்கும் கோடுகளுமே. ஒவ்வொரு புள்ளிக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை அளவுகள் உண்டு. அவை தசமப்புள்ளிக்குப் பின் ஏழு இலக்கம் வரை பதிவாகின்றன. அட்சரேகையில் ஒரு பாகை ஏறத்தாழ 111 கிலோமீட்டர் என்று படித்திருக்கிறீர்கள். அப்படியானால் ஏழாம் இலக்கம் எவ்வளவு தூரத்தைக் குறிக்கும்? 111 கிலோமீட்டரை ஒரு கோடியால் வகுத்துப் பாருங்கள். ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றே அதிகம்! ஆனால் அத்தனை நுட்பமாகப் புள்ளி வைத்துவிட்டு, அது என்ன புள்ளி என்று எழுதத் தவறினால் பயனில்லை. இதற்காகவே ஒவ்வொரு புள்ளியிலும் கோட்டிலும் குறிச்சீட்டுகள் ஒட்டப்படுகின்றன.

குறிச்சீட்டு என்றால் நமது ரசாயன ஆய்வுக்கூடத்துச் சீசாக்களை நினைத்துக்கொள்ளுங்கள். திரவம் எதுவென்று சீசா சொல்வதில்லை. அதன்மேல் ஒட்டிய சீட்டே சொல்கிறது. சீட்டு மாறிப்போனால் என்ன நேரும் என்பதைப் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தேசப்படத்துச் சீட்டில் நடுவே சமக்குறி ஒன்று இருக்கும். அதன் இடப்பக்கம் கேள்வி, வலப்பக்கம் விடை என்று கொள்ளலாம். சீட்டுகள் எல்லாம் ஆங்கிலச் சொற்களால் ஆனவை. அவற்றின் ஒலியை இங்கே தமிழில் தருகிறேன்.

சாலை ஒரு கோடு. நடப்பவர்கள் அதைக் கடக்கும் இடத்தில் அக்கோட்டின்மேல் ஒரு புள்ளியை வைத்து, "ஹைவே = கிராசிங்" என்று சீட்டு ஒட்ட வேண்டும். இது கடக்கும் இடம் என்பது மட்டுமே இதனால் தெரியவரும். அடுத்த சீட்டு எவ்வகை என்று சொல்வது. நடப்பவர்களுக்கென்று தனி விளக்கு இருந்தால் "கிராசிங் = டிராஃபிக் சிக்னல்ஸ்". பட்டை மட்டும் தீட்டி விளக்கு இல்லாதிருந்தால் "கிராசிங் = அன்கன்ட்ரோல்ட்". பட்டையும் இன்றி, நடைபாதை இறங்கி எதிரே ஏறுவதால் மட்டும் கடக்கும் இடம் என்று அறியப்படுமானால் "கிராசிங் = அன்மார்க்ட்".

இவற்றுள் நடுவில் உள்ளது பொல்லாத சொல். கட்டுப்பாடு இல்லாதது என்று நேரே பொருள் கொண்டால், அங்கே ஒன்றுமே இல்லை, பட்டைகூட இல்லை என்று தோன்றும். பழகாதவர்கள் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்கள். சிக்னல் விளக்கால் கட்டுப்படுத்தப்படவில்லை என்ற பொருளில் யாரோ தொடக்கத்தில் இட்ட சொல் அது, அப்படியே வேரூன்றிவிட்டது. "கிராசிங் = ஜீப்ரா" என்ற சீட்டையும் பலர் ஒட்டுவதுண்டு. இங்கிலாந்துக்காரர் அதை ஒட்டினால், பட்டையும் பெலிஷா உருண்டையும் உள்ள, நடப்பவருக்கே முன்னுரிமை தரும் இடம் என்று பொருள். நம்மூர்ப் பெண் அதையே ஒட்டினால் பட்டை இருக்கிறது என்பதற்கு மேல் ஒன்றும் பொருளில்லை. விளக்கு உண்டா என்ற கேள்விக்கு விடையே கிடைக்காமல் போகிறது. நான் சற்றுமுன் மனத்தில் இருத்தச் சொன்ன வேறுபாடு இதற்குத்தான்.

இன்னொரு சிக்கலையும் பார்க்க வேண்டும். "ஹைவே = டிராஃபிக் சிக்னல்ஸ்" என்று வேறொரு சீட்டு உண்டு. பெயர் ஒன்றுபோல் இருந்தாலும் இது வண்டிகளுக்கான விளக்கைக் குறிப்பது. நாற்சந்தியில் வண்டிகள் நிற்க விளக்கு இருந்தால் சந்திப்பிலோ நிறுத்தக்கோட்டிலோ இதை ஒட்டுவார்கள். நடப்பவர் விளக்கு அங்கே இருக்கிறதா என்பது தனிக்கேள்வி. வண்டி விளக்கைக் கண்டவுடன் நடப்பவருக்கும் விளக்கு உண்டு என்று எழுதிவிடுவது எளிதில் நேரும் பிழை. சந்திப்பே இல்லாத நீண்ட சாலையின் நடுவில் நடப்பவர்களுக்காகவே விளக்கு வைத்திருந்தால் என்ன செய்வது? ஒரு புள்ளியில் "ஹைவே" என்ற கேள்விக்கு ஒரே விடைதான் எழுத முடியும்; கிராசிங் என்றும் டிராஃபிக் சிக்னல்ஸ் என்றும் இரண்டையும் எழுத இடமில்லை. இதைப் பற்றி வரைவோரிடையே நெடுங்காலமாக வாதம் உண்டு. கடக்கும் இடம் என்று எழுதி, அடுத்த சீட்டில் விளக்கைச் சொல்வதே போதும் என்பது என் கருத்து. அந்த விளக்கு அங்கே நிற்பதே நடப்பவருக்காக அல்லவா?

நான் செய்த பிழை ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். 2022-ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் வீட்டில் இருந்தபடியே, வானிலிருந்து எடுத்த படத்தைப் பார்த்து நகரின் பல சந்திப்புகளைக் குறித்துவந்தேன். ஒரு சந்திப்பில் நாற்புறமும் பட்டைகள் பளிச்சென்று தெரிந்தன; விளக்குக் கம்பங்களின் நிழலும் விழுந்திருந்தது. பட்டை இருக்கிறது, கம்பம் இருக்கிறது; ஆகவே நடப்பவருக்கு விளக்கு உண்டு என்று முடிவு கட்டி, நான்கு புள்ளிகளிலும் "கிராசிங் = டிராஃபிக் சிக்னல்ஸ்" என்று ஒட்டிவிட்டேன். ஒரே மாலையில் இருபது சந்திப்புகளை முடித்ததில் பெருமைகூட எனக்கு இருந்தது.

என்னிடம் முன்பு படித்த பெண் ஒருத்தி உண்டு. நோயினால் அவளுக்குப் பார்வை போய்விட்டது. வெள்ளைக் கோலும், வழியை வாயால் சொல்லும் கைப்பேசியும் துணையாக வேலைக்குப் போய் வருகிறாள். அந்தக் கைப்பேசிக்கு வழி சொல்லித் தருவது இத்தேசப்படமே. சில மாதம் கழித்து ஒரு நாள் என்னைப் பார்க்க வந்தவள், குறை சொல்லும் குரலில் அல்லாமல் சாதாரணமாகச் சொன்னாள்: "புது ஆபீசுக்குப் போகும் வழியில் ஒரு சந்திப்பு, டீச்சர். நடப்பவர்களுக்குச் சிக்னல் உண்டு என்று போன் சொல்கிறது. வண்டி நின்ற சத்தம் கேட்டதும் இதுதான் நம் முறை என்று இறங்கினேன். பாதி வந்ததும் பக்கத்துச் சாலை வண்டிகள் திரும்பிப் பாய்ந்துவிட்டன. பூக்கட்டும் அம்மா ஒருத்தர் ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டார்."

எந்தச் சந்திப்பு என்று கேட்டேன். சொன்னாள். அதைக் குறித்தவள் நான் என்பதை அன்று அவளிடம் சொல்ல நா எழவில்லை, மறுவாரம்தான் சொன்னேன். "அதனால் என்ன டீச்சர், இனி சரியாகப் போட்டுவிடுங்கள்" என்றாள்.

அடுத்த நாள் காலை அங்கே போய் ஒரு மணி நேரம் நின்றேன். வண்டிகளுக்கு மூன்று நிற விளக்கு இருந்தது. நடப்பவருக்குப் பச்சை மனிதனும் இல்லை, சிவப்பு மனிதனும் இல்லை. ஒரு பக்கத்து வண்டிகள் நிற்கும்போதே மறுபக்கத்து வண்டிகளுக்கு இடப்புறம் திரும்ப வழிவிடும் ஏற்பாடு அது. கண்ணுள்ளவர்கள் எட்டிப் பார்த்து, கையைக் காட்டி, ஓடிக் கடந்துவிடுகிறார்கள். வானிலிருந்து பார்த்தால் இவற்றில் ஒன்றும் தெரிவதில்லை. விளக்கு எந்தப் பக்கம் நோக்கி எரிகிறது என்பதை அதன் எதிரே நின்றால்தான் அறியலாம்.

இத்தகைய பிழைகளைக் குறைப்பதற்காகவே, ஒரே சீட்டில் எல்லாவற்றையும் அடைக்காமல் இரண்டு கேள்விகளாகப் பிரித்து எழுதும் வழக்கமும் வந்திருக்கிறது. "கிராசிங் மார்க்கிங்ஸ்" என்ற கேள்வி தரையில் என்ன தீட்டியிருக்கிறது என்பதை மட்டும் கேட்கிறது; ஜீப்ரா, கோடுகள், இல்லை என்று விடை எழுதலாம். "கிராசிங் சிக்னல்ஸ்" என்ற கேள்வி நடப்பவருக்கு விளக்கு உண்டா என்பதை மட்டும் கேட்கிறது. உண்டு, இல்லை என்று எழுதலாம். தரையைப் பார்த்தவள் தரையைப் பற்றி எழுதட்டும். விளக்கைப் பார்த்தவள் விளக்கைப் பற்றி எழுதட்டும். இம்முறை முன்பே இருந்து, நானும் இதன்படி எழுதியிருந்தால், பட்டை உண்டு என்று மட்டும் எழுதி இரண்டாம் கேள்வியை விட்டிருப்பேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் அன்றிருந்த அவசரத்தில் அதையும் நிரப்பித்தான் இருப்பேன்.

வெறுமையாக விடுவதும், இல்லை என்று எழுதுவதும் ஒன்றல்ல என்பதை இங்கே கவனியுங்கள். சீட்டே இல்லாவிட்டால், இன்னும் யாரும் பார்க்கவில்லை என்று பொருள். "இல்லை" என்ற சீட்டு இருந்தால், ஒருவர் போய்ப் பார்த்தார், அங்கே அது கிடையாது என்று பொருள். தேர்வில் விடை தெரியாத கேள்விக்கு எதையாவது எழுதி வையுங்கள் என்று நாங்களே உங்களுக்குச் சொல்லித் தருகிறோம். தேசப்படத்தில் அது ஆகாது.

பார்வையற்றோருக்குத் தேவையான வேறு சீட்டுகளும் உள்ளன. விளக்கு மாறும்போது ஒலி எழுப்புமா என்பதற்கு ஒரு சீட்டு; கம்பத்துப் பெட்டி கையில் அதிருமா என்பதற்கு ஒன்று; பொத்தானை அழுத்தினால்தான் பச்சை வருமா என்பதற்கு இன்னொன்று. பொத்தான் இருப்பது தெரியாமல் ஒருவர் எத்தனை நேரம் நின்றாலும் சில இடங்களில் பச்சை வராது! நடைபாதையின் ஓரக்கல் உயர்ந்திருக்கிறதா, சரிவாய்த் தாழ்ந்திருக்கிறதா என்பதையும் எழுதலாம். சக்கர நாற்காலியில் செல்வோருக்கு மட்டுமன்று, குழந்தை வண்டி தள்ளும் தாய்க்கும் இது பயன்படும்.

தரையில் மேடிட்ட மஞ்சள் கற்களை ரயில் நிலைய நடைமேடைகளில் கண்டிருப்பீர்கள். காலாலோ கோலாலோ தடவி அறியும் இந்தக் கற்களை உருவாக்கியவர் ஜப்பானைச் சேர்ந்த செய்இச்சி மியாக்கே. பார்வை குன்றிவந்த நண்பர் ஒருவருக்கு உதவும் பொருட்டு அவர் தம் சொந்தப் பணத்தைச் செலவிட்டு இதில் முனைந்தார். 1967 மார்ச் மாதம் ஒக்காயாமா நகரில், பார்வையற்றோர் பள்ளிக்கருகே உள்ள சாலையின் கடக்கும் இடத்தில்தான் அவை முதன்முதல் பதிக்கப்பட்டன. உலகெங்கும் பரவிவிட்ட அந்தக் கல் ஒரு கடக்கும் இடத்தில் பிறந்தது என்பதை எண்ணும்போது, அக்கல் உண்டா என்று கேட்கும் சீட்டுக்கு எனக்கு மட்டும் தனி மரியாதை தோன்றுகிறது. அதன் பெயர் "டாக்டைல் பேவிங்".

நடுவில் திட்டு இருக்கிறதா என்பதைக் கூறும் சீட்டையும் மறந்துவிடக்கூடாது. இதன் அருமையைச் சிறு கணக்கால் அறியலாம். ஒருவர் வினாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று வைத்துக்கொண்டு பல நாடுகளில் பொறியாளர்கள் பச்சை விளக்கின் நேரத்தைக் கணக்கிடுகிறார்கள். சாலையின் அகலம் 18 மீட்டர் என்றால் கடக்க 15 வினாடி வேண்டும். முழங்கால் வலியோடு நடக்கும் உங்கள் பாட்டி வினாடிக்கு 0.75 மீட்டர்தான் நடப்பார் எனில் அவருக்கு 24 வினாடி ஆகும். விளக்கு மாறும்போது அவர் இன்னும் 6.75 மீட்டர் கடக்க வேண்டியிருக்கும். அதாவது இரண்டு பேருந்துகள் பக்கத்தில் பக்கமாக நிற்கும் அகலம். நடுவில் திட்டு இருந்தால் அங்கே ஏறி நின்று அடுத்த பச்சைக்குக் காத்திருக்கலாம். திட்டு உண்டா என்பதை முன்கூட்டியே அறிந்தால் பாட்டியை எந்த வழியாக அழைத்துப் போகலாம் என்று வீட்டிலேயே தீர்மானிக்கலாம்.

உங்களில் விருப்பமுள்ளோர் இப்பணியைச் செய்ய முடியுமா? தாராளமாகச் செய்யலாம். பெற்றோரிடம் சொல்லி, தனியே அல்லாமல் மூவர் நால்வராக, பெரியவர் ஒருவரோடு செல்லுங்கள். நடைபாதையில் நின்று பார்க்க வேண்டும். பார்ப்பதற்காகச் சாலையில் இறங்கக் கூடாது. ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்: தரையில் என்ன தீட்டியிருக்கிறது, அது தேய்ந்து போயிற்றா, நம்மை நோக்கி மனித உருவ விளக்கு உண்டா, அது எரிகிறதா, பொத்தான் உண்டா, ஒலி உண்டா, திட்டு உண்டா, ஓரக்கல் எப்படி. விளக்கு ஒரு நாள் பழுதாகி அணைந்திருந்தால் இல்லை என்று எழுதிவிட வேண்டாம்; மற்றொரு நாளும் போய்ப் பாருங்கள். வீட்டுக்கு வந்து கணினியில் ஏற்றலாம். ஸ்ட்ரீட்கம்ப்ளீட் என்ற நிரல் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் கிடைக்கிறது. அது நீங்கள் நிற்கும் இடத்துக்கு அருகே விடை இல்லாத கேள்விகளை ஒவ்வொன்றாய்க் கேட்கும்; பார்த்ததைச் சொன்னால் தானே சீட்டாக மாற்றிக்கொள்ளும். சமக்குறியின் இருபுறமும் என்ன எழுதுவது என்று தடுமாறுவோருக்கு ஏற்றது.

வேறு நிறுவனங்களின் தேசப்படத்தைப் பார்த்து நகலெடுப்பதை மட்டும் அறவே தவிர்க்க வேண்டும். அது பிறர் உடைமை. ஏழாம் கட்டளையை மறைக்கல்வி வகுப்போடு விட்டுவிடாமல் தேசப்படத்துக்கும் கொண்டுவரலாம் என்று நமது சிஸ்டர் சொல்வது சரியே. மேலும், முன்பு ஒருவர் ஒட்டிய சீட்டு தவறாய்த் தோன்றினால் உடனே கிழித்தெறியாதீர்கள். யார், எந்த நாளில் எழுதினார் என்பது அங்கேயே பதிவாகியிருக்கும். அவருக்கு ஒரு வரி எழுதிக் கேளுங்கள். நீங்கள் பார்த்ததற்குப் பிறகு விளக்கு வந்திருக்கவும் கூடும். எனக்கும் அப்படி யாரேனும் முன்பே எழுதிக் கேட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

நான் நின்று பார்த்துவந்த அந்தச் சந்திப்பில், மேற்குப் பக்கத்துப் புள்ளியில் பழைய சீட்டை எடுத்துவிட்டு இப்போது எழுதியிருப்பது இது: கடக்கும் இடம், தரையில் ஜீப்ரா பட்டை, நடப்பவர் விளக்கு இல்லை, மேடிட்ட கற்கள் இல்லை, நடுத்திட்டு உண்டு, ஓரக்கல் உயர்ந்தது. வண்டி விளக்குக்கான சீட்டு நிறுத்தக்கோட்டில் தனியாக இருக்கிறது. எழுதிய அன்று மாலை அவளைப் போனில் அழைத்து, கைப்பேசி இப்போது என்ன சொல்கிறது என்று கேட்டேன். "சிக்னல் இல்லை என்கிறது, டீச்சர். இனிமேல் நின்று யாரையாவது கூப்பிட்டுக்கொண்டுதான் இறங்குவேன்" என்றாள்.

அதே சந்திப்பின் மற்ற மூன்று பக்கங்களிலும் என் பழைய சீட்டுகளை நீக்கிவிட்டேன். அவற்றை நான் இன்னும் சரியாகப் பார்த்து முடிக்கவில்லை. ஆகவே கடக்கும் இடம் என்பதற்கு மேல் ஒன்றும் எழுதாமல் வெறுமையாக விட்டிருக்கிறேன். வரும் சனிக்கிழமை ஒன்பதாம் வகுப்பு மாணவிகள் ஐவர் நோட்டும் பென்சிலுமாக என்னோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.